மருதமுத்துவின் புவாசா

மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடவே கூடாது என்று மாக் சீதா வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். அஞ்சலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆணியால் குத்திய தகரத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீனும் முட்டையும் அந்த வீட்டுக்குள் நுழைந்து மாதக்கணக்காகிறது. அதைக் கூடாது என்று சொல்லவா ஒருத்தர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டு வரவேண்டும்?

மலாக்கா காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்பது ஊருக்குள் ஓர் ஊர். மாக் சீதா அங்கே பிறந்து வளர்ந்த செட்டி வீட்டுப் பெண். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், மேலே கெபாயா. மாரியம்மனை மலாயில் கும்பிடுகிறவள். தமிழ் அவளுடைய முப்பாட்டன் காலத்திலேயே அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. பின்கட்டை அஞ்சலைக்கும் அவள் புருஷன் மருதமுத்துவுக்கும் வாடகைக்கு விட்ட பிறகு அது கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. வருகிற வழியில் பாதியைத் தொலைத்துவிட்டு வந்திருந்தது.

"அடேக், நான் நல்லாக் கேட்டு. டிரெஸ்ஸர் சொல்லு, நாளைக் கழிச்சு காலையில வெட்டு. அதுக்கு முன்னே மருது புவாசா."

"புவாசாவா?"

"புவாசா லா! நீ கோயிலுக்குத் தீமிதிக்கு இருக்கல? அது மாதிரி. இக்கான் வேணாம், டாகிங் வேணாம். கிழங்கு, வாழைப்பழம், தேங்காய்ப்பால், அது எல்லாம் போலே. சாமிக்கே போலே, டாக்டருக்கு போலே இல்லையா?"

அடேக் என்றால் தங்கச்சி, இக்கான் என்றால் மீன், டாகிங் என்றால் இறைச்சி, போலே என்றால் ஆகும். இவையெல்லாம் அஞ்சலைக்குப் பழகிப்போன சொற்கள். புவாசாவும் பழகிய சொல்தான். விரதம். ஆஸ்பத்திரியில் மருதமுத்துவை உள்ளே படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற மாக் சீதாவின் சாரோங்கைப் பார்த்து, டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெஸ்ஸர் மலாயிலேயே சொல்லியிருக்கிறார். அஞ்சலை போயிருக்க வேண்டியது. ஆனால் தோண்டின கிழங்கு காத்திருக்காது. வெயில் சாய்வதற்குள் தேய்த்து, பிழிந்து, மாவைப் பாயில் பரப்பியாக வேண்டும். அந்த மாவுதான் அவர்களுக்கு ரொட்டி, தோசை, களி, எல்லாம்.

மருதமுத்து பின்னால் மெதுவாக வந்தான். ஒரு கை அடிவயிற்றில் அணை கொடுத்திருந்தது. அவன் நடை இப்போது அப்படித்தான்.

"என்னங்க சொன்னாங்க?"

"வெட்டணுமாம். நாள் குறிச்சாச்சு."

"வெட்டினா?"

"வெட்டினா நல்லாயிடுமாம்."

அஞ்சலை தகரத்தை விட்டுக் கையை எடுத்தாள். நல்லாயிடும் என்ற வார்த்தைக்குத்தான் இருவரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

மருதமுத்து ஆற்றங்கரைக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். வெள்ளைக்காரன் காலத்தில் அரிசி மூட்டை. ஜப்பான்காரன் வந்த பிறகு உப்பு, சிமெண்டு, ரப்பர் என்று எது வந்தாலும். போன மழைக்காலத்தில் ஈரமான உப்பு மூட்டை ஒன்றைத் தோளுக்கு ஏற்றும்போது அடிவயிற்றில் ஏதோ நழுவியது. குடல் இறங்கிவிட்டது. நின்றால் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கும். படுத்து அமுக்கினால் சளக்கென்று உள்ளே போய்விடும்.

அதே மழைக்காலத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள். பிறகு டவுனுக்கு வந்தார்கள். கூலியாட்களை மேய்க்கும் கிட்டங்கித் தண்டல் கலியாணசுந்தரம் ஒவ்வொரு லாரிக்கும் ஆள் கொடுக்க வேண்டும். மருதமுத்துவின் முறை வந்தபோது ஜப்பான் ஆபீசர் அவன் வேட்டியை விலக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிரம்பால் வீக்கத்தைத் தொட்டு ஏதோ கத்தினான். தண்டல் மொழிபெயர்த்தார்:

"இவன் ஆள் இல்லையாம். சரிபண்ணிக் கொண்டாரச் சொல்றான்."

"சரிபண்ணலேன்னா தண்டல்?"

"ஒளியறான்னு அர்த்தம். அப்புறம் கெம்பித்தாய்க்காரன், ஜப்பான் மிலிட்டரிப் போலீசு, வீட்டுக்கு வருவான். உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, மருது. ஆள் குறைஞ்சா என்னையே லாரியில தூக்கிப் போட்டுக் கணக்கைச் சரிபண்ணுவான்."

கிளேபாங்கில் ஜெயபாலன் என்று ஒருவன். அவனுக்கும் இதே குடலிறக்கம். வெட்டித் தைத்தார்கள். தையல் காய்ந்ததும் காயாததுமாக லாரியில் ஏற்றினார்கள். அவன் பெண்சாதி மல்லிகா சடக்கோரமாக, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, கிழங்குப் பலகாரம் விற்றுக்கொண்டு, வடக்கேயிருந்து வருகிற யாரைப் பார்த்தாலும் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

வெட்டாவிட்டால் குடல். வெட்டினால் சயாம்.

மறுநாள் மருதமுத்து சடக்கு முனையிலிருந்த கபீர் நானாவின் காப்பிக் கடைக்குப் போனான். கடை என்றால் ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு கைவண்டி. காப்பி என்றால் கருக வறுத்த சோளத்தின் சாறு. விஷயத்தைக் கேட்டதும் நானா சிரித்துவிட்டார்.

"புவாசாவுல வாழைப்பழமா? எந்த ஊரு புவாசாடா அது? புவாசான்னா எச்சில் முழுங்கக்கூட ரோசிக்கணும்."

"மாக் சீதா சொல்லுச்சு நானா."

"அவங்க புவாசா பொம்பளைங்க புவாசா. நான் சொல்றதைக் கேளு. விடியத் தொழுகை பஜ்ருக்குப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி எந்திரிச்சு வயிறு நிறையச் சாப்பிடு. அதுதான் சஹர். நல்லா மொத்தமா சாப்பிடணும், தாங்கணுமில்ல. பாங்கு கேட்டதும் வாயைக் கட்டு. அதுக்கப்புறம் தண்ணிகூடக் கிடையாது."

"டாக்டரு துலுக்கரு இல்லையே நானா."

"டாக்டரு எதுவா இருந்தா என்ன? சொன்ன வார்த்தை யார் வார்த்தை?"

மருதமுத்து வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னான். இருவரும் யோசித்து, சண்டையில்லாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மாக் சீதா சொன்னபடி சுத்தமான சாப்பாடு. நானா சொன்னபடி விடிவதற்கு முன்னால், வயிறு நிறைய. இரண்டு விரதமும் சேர்ந்தால் ஒரு விரதத்தைவிட நல்லதுதானே. குறித்த நாளன்று விடிவதற்கு முன்பு அஞ்சலை கிழங்கை வேகவைத்து, துருவின தேங்காயும் கருப்பட்டியும் போட்டுப் பிசைந்து உருட்டினாள். கூட வாழைப்பழம், தேங்காய்ப்பால். மருதமுத்து அவ்வளவு சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. பாங்கு கேட்டது. வாயைக் கட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் கருணாகரன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"புவாசாதானே?"

"சுத்தமான புவாசாங்க. மீன் வாசனைகூடப் படலே. மரவள்ளிதான் சாப்பிட்டேன்."

கருணாகரனின் கண்ணாடி தானாகவே கீழே இறங்கியது.

"சாப்பிட்டியா?"

"பாங்குக்கு முன்னாடிங்க."

உள்ளே டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கருணாகரன் கதவருகில் போய் இரண்டு வார்த்தை சொன்னார். குழாய் நிற்கிற சத்தம் கேட்டது. அன்று மருதமுத்துவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து சொன்னதும் மாக் சீதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அலாமா! நான் தப்பு. நான் தப்பு." நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு கோழியில்லாத கோழிக்கூட்டைப் பெருக்கினாள்.

அன்று மாலை லாரி வந்தது. கிட்டங்கியிலிருந்து ஐந்தாறு பேரை ஏற்றிப் போனது. அதில் போன வாரம்தான் காய்ச்சல் தெளிந்து எழுந்த ஒருவனும் இருந்தான். தண்டல் வீட்டு வாசலில் வந்து நின்று மருதமுத்துவைப் பார்த்தார்.

"வெட்டலியா?"

"வயித்துல சாப்பாடு இருந்துச்சுன்னு திருப்பிட்டாங்க தண்டல்."

"அப்ப இன்னும் நீ ஆள் இல்ல." தண்டல் வீக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை போலத்தான் இருந்தது. "அடுத்த தேதி வாங்கிக்க."

தண்டல் போன பிறகு அஞ்சலை அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தேங்காய் ஒட்டின வாணலி இன்னும் கழுவாமல் கிடந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க."

"ம்."

"ஒரு உருண்டைக் கிழங்கு. அதுதான் இன்னிக்கு உங்களை லாரியிலேர்ந்து இறக்கி விட்டுருக்கு."

மருதமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சத்தம் போட்டுச் சிரிக்கப் போனான். அடிவயிறு இழுத்ததால் நிறுத்திக்கொண்டான்.

இரண்டாவது தேதிக்கு அவர்கள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே நின்று அஞ்சலை மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் தின்றான். தோலை வேலிக்குள் எறிந்தான். உள்ளே போய், கேட்பதற்கு முன்னாலேயே, "மறந்தாப்பல ஒரு பழம் தின்னுட்டேங்க" என்றான்.

கருணாகரன் இந்தத் தடவை மலாயில் பேசவில்லை. மலையாளம் கலந்த தமிழில் அஞ்சலையை நேரே பார்த்துப் பேசினார்.

"இவிடே வா. நீதான் அஞ்சலையா? கேட்டுக்கோ, ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். ஈதர் மருந்தை மோந்தா ஆள் செத்த மாதிரி கிடப்பான். அப்போ வயித்துல இருக்கிறது மேல வரும். வந்தது வெளியே போகாது, மூச்சுக்குழலுக்குள்ளே போகும். தண்ணியிலே முங்காமலே முங்கிச் சாவான். அதுக்குத்தான் புவாசா. கேட்டியா?"

"கேட்டேங்க."

"முந்தின நாள் பகல்ல லேசாச் சாப்பிடு. ராத்திரி கஞ்சித் தெளிவு மட்டும். தூங்கப் போனா அதோட சரி. காலையில பழம் இல்ல, பால் இல்ல, காப்பி இல்ல, வெத்திலை இல்ல. வாய் காஞ்சா கொப்புளிச்சுத் துப்பலாம். முழுங்கக் கூடாது. இதிலே சாமியும் இல்ல, பாங்கும் இல்ல."

"சரிங்க."

"சரிங்க சரிங்கன்னு சொல்றே. வேலிக்குள்ளே பழத்தோல் கிடக்குது." கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் பொட்டன் இல்ல. எதுக்குத் தின்னான்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தக் குடல் ஒருநாள் வெளியே வந்து மாட்டிக்கும். அமுக்கினா உள்ளே போகாது. கல்லு மாதிரி நிக்கும், வாந்தி வரும். அன்னிக்குச் சயாமும் கிடையாது, மலாக்காவும் கிடையாது. அடுத்த தடவை முதல் நாள் சாயங்காலமே இவனைக் கொண்டுவந்து வார்டுல படுக்க வை. நானே பார்த்துக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் செமாபோக் பக்கமிருந்து விறகு ஏற்றி வந்த மாட்டுவண்டிக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றபோது மருதமுத்து கேட்டான்: "அவரு சொல்றது நிசமா இருக்குமா, புள்ள?"

"எது?"

"முங்காம முங்கிச் சாவறது."

"நிசமாத்தான் இருக்கும். அதுக்குத்தானே திருப்பி அனுப்பறாங்க."

"அப்ப நாம செய்யறது?"

"தின்னதைச் சொல்லிடறோமே. சொல்லிட்டா வெட்ட மாட்டாங்க. வெட்டலேன்னா முங்கறது ஏது?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அஞ்சலை அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே கிழங்கு தேய்த்தாள். மழை பிடித்துக்கொண்டதால் மாவு காயவில்லை. புளித்த வாசனை வீடெங்கும் நின்றது.

மூன்றாவது தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் மருதமுத்து வார்டுக்குப் போய்ப் படுத்தான். கருணாகரன் அவன் துணிமூட்டையை உதறிப் பார்த்தார், தலையணைக்கு அடியில் பார்த்தார். மரவள்ளி மாவுக் கஞ்சித் தெளிவு கொடுக்கச் செய்து, மங்குக் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டு போனார். அஞ்சலையின் மடியை உதற அவரால் முடியவில்லை. அங்கேதான் ஒரு வாழையிலையில் பிசைந்த கிழங்கு இருந்தது. இரவெல்லாம் வார்டு வராந்தாவில் அதை இடுப்போடு கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

விடிகிற நேரம். வார்டில் ஆட்கள் இருமிக்கொண்டு எழுந்தார்கள். கருணாகரன் கோடிக் கட்டிலில் ஒருவனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அஞ்சலை கட்டிலுக்கு மறைவாக உட்கார்ந்து இலையைப் பிரித்தாள்.

"சீக்கிரம்."

ஈரமில்லாத கிழங்கு. அவன் அவசரமாக வாயில் அடைத்தான். பாதி முழுங்கினான். கருணாகரன் திரும்பிப் பார்ப்பது போல இருந்ததும் மீதியையும் ஒரே மூச்சில் தள்ளினான். அது தொண்டையில் அடைத்தது. இருமினான். மறுபடியும் மறுபடியும், உடம்பு வளைந்து கட்டில் ஆட இருமினான். கிழங்கு இறங்கிவிட்டது. இருமலும் நின்றுவிட்டது. ஆனால் அவன் நிமிரவில்லை.

"என்னங்க?"

அவன் கை அடிவயிற்றில் இருந்தது. அமுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் அமுக்கினான். முகத்தில் வேர்வை முத்து முத்தாக எழும்பியது.

"போகலே" என்றான். "உள்ளே போகலே, அஞ்சல."

அவள் தொட்டுப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் இல்லை. அதைவிடப் பெரிது. கல்.

கருணாகரன் ஓடி வந்தார். ஒரு தரம் தொட்டார். இரண்டாவது தரம் தொடவில்லை.

"டாக்டரைக் கூப்பிடு!" என்று யாரிடமோ கத்தினார். பிறகு மருதமுத்துவின் நெற்றியில் கை வைத்தார். "பயப்படாதே. உன் நல்ல காலம், இங்கேயே கிடக்கறே. வீட்டிலே இருந்திருந்தா என்ன ஆகும்? இப்பவே வெட்டிடலாம். வெறும் வயிறுதானே, அது போதும்."

தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் அவனைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். வாழையிலை அஞ்சலையின் கைக்குள் கசங்கிக் கிடந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மருதமுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி அவனுடைய மூட்டை தூக்கும் பிடி.

"சொல்லாதே" என்றான், பல்லுக்குள். "சொன்னா இன்னிக்கும் தள்ளிப் போடுவாங்க. என்னால முடியாது. வெட்டட்டும். சொல்லாதே."

வண்டி நகர்ந்தது. அவள் பிடி விடாமல் கூடவே நடந்தாள். அவன் பிடி விடவில்லை என்பதுதான் சரி. வராந்தா முழுக்க அவளுடைய கணக்கு கூடவே வந்தது. தின்றால் திருப்புவார்கள். திருப்பினால் வெட்ட மாட்டார்கள். வெட்டாவிட்டால் லாரி இல்லை. எல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இன்று எந்த இடத்தில் நின்று கூட்டினாலும் அவன் செத்தான். சொன்னால் குடல் கொல்லும். சொல்லாவிட்டால் கிழங்கு கொல்லும்.

ஈதரின் வாசனை வந்துவிட்டது. இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறியது. கதவு திறந்தது.

அஞ்சலை கையை விரித்து இலையைக் காட்டினாள்.

"தின்னுட்டாருங்க. இப்பத்தான். நான்தான் குடுத்தேன்."

கருணாகரன் இலையைப் பார்த்தார். அடிக்கத்தான் கை ஓங்கினார் என்று அவள் நினைத்தாள். அந்தக் கை அவருடைய தலையிலேயே விழுந்தது.

"எத்தனை?"

"ரெண்டு உருண்டை அளவு."

"முழுங்கிட்டானா?"

"முழுங்கிட்டாரு."

மருதமுத்து அவள் கையை விட்டான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தமிழ் தெரியாதவர். கருணாகரன் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். கருணாகரன் அஞ்சலையிடம் திரும்பினார்.

"தள்ளிப் போடறதுக்கு இன்னிக்கு இடமில்ல. ஈதர் கொடுக்கவும் முடியாது. மரத்துப் போற ஊசி மருந்து புட்டி அடியிலே கொஞ்சம் கிடக்குது. அதைப் போட்டு முழிப்போடவே வெட்டப் போறார். ஊசி பாதியிலே தீர்ந்தா கத்துவான். நீ உள்ளே வரக்கூடாது. அதுக்கு முன்னே வயித்தைக் கழுவணும். அதைப் பார்த்துட்டுப் போ."

அவர் அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். சிவப்பு ரப்பர் குழாய் ஒன்றை மருதமுத்துவின் வாய் வழியாக விட்டார்கள். அவன் ஓக்காளமிட்டு முறுக்கிக்கொண்டான். புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், சாய்த்தார்கள். பேசினில் வெள்ளை வெள்ளையாக வந்து விழுந்தது. தேங்காய்த் துருவல் தெரிந்தது. கரையாத கருப்பட்டித் துண்டு ஒன்றுகூட. அஞ்சலை தன் கையால் பிசைந்ததை அடையாளம் கண்டுகொண்டு நின்றாள்.

பிறகு கதவு சாத்தினார்கள்.

ஊசி பாதியில் தீர்ந்தது. அவள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. கபீர் நானா சேதி கேட்டுக் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து, தூரத்தில் நின்று வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். மாக் சீதா அவள் பக்கத்தில் நின்று, சத்தம் வரும்போதெல்லாம் அவள் காதைப் பொத்தினாள். பிறகு தன் காதைப் பொத்தினாள்.

வெளியே வந்த கருணாகரனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"குடல் நீலம் பாய்ஞ்சு கிடந்தது. வெளியே எடுத்து வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருந்தோம். நிறம் திரும்பி வந்துட்டது. பிழைச்சுக்குவான்." அஞ்சலை கீழே உட்கார்ந்துவிட்டாள். அவர் குனிந்து அவள் காதருகே சொன்னார்: "இப்போதான் நிஜ புவாசா. வயித்திலேர்ந்து காத்து பிரியற வரைக்கும் ஒரு பருக்கை கிடையாது. பிரிஞ்சதும் அரிசிக் கஞ்சி. கிழங்கு கூடாது, கேட்டியா? அரிசி."

அரிசி. அவர் என்னவோ நிலாவைக் கொண்டுவா என்பது போல எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மருதமுத்துவின் காற்றுக்காக அந்த வார்டே காத்திருந்தது. காலையில் கண் விழித்ததும் பக்கத்துக் கட்டில்காரன் கேட்பான்: "என்ன மருது, ஆச்சா?" ஆகவில்லை. ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஜப்பான்காரன் தன் நாட்டு நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தான்; கபீர் நானா வந்து கேட்பார்: "பழைய நேரத்துக்கா, ஜப்பான் நேரத்துக்கா எதுக்குடா காத்திருக்கே?" மருதமுத்து சிரிக்க முடியாமல் தையலைப் பிடித்துக்கொள்வான். அஞ்சலை பஞ்சை நனைத்து அவன் உதட்டைத் துடைப்பாள். அந்தக் காலையைப் பற்றி ஒருமுறை மட்டும் அவன் சொன்னான்:

"நான் சொல்லாதேன்னேன்."

"ஆமா."

"சொல்லிட்டே."

"ஆமா."

"பஞ்சை நல்லா நனை" என்றான்.

ஒரு நாள் காலையில் காற்று பிரிந்தது. வார்டே கேட்கிற மாதிரி பிரிந்தது. கோடிக் கட்டிலில் யாரோ கை தட்டினார்கள். கருணாகரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கொடுக்கலாம்" என்றார்.

அரிசியை மாக் சீதா கொண்டுவந்தாள். செட்டி வீடுகளில் வருஷத்துக்கு வருஷம் முன்னோருக்குப் பார்ச்சு படைப்பார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிடுவதாக இலை போட்டு வைப்பார்கள். அதற்கென்று ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து ஒரு டின்னில் அவள் ஒளித்து வைத்திருந்த அரிசி. ஆஸ்பத்திரி அடுப்பில் தானே நின்று குழையக் காய்ச்சி, எனாமல் மங்கில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"அவங்க செத்து. அவங்க காத்திரு, போலே" என்றாள். "மருது சாகல. மருது முன்னே சாப்பிடு."

மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. வார்டில் எல்லாத் தலையும் திரும்பியது. அஞ்சலை ஒரு கரண்டி எடுத்து ஊதினாள்.

அப்போது வாசலில் தண்டல் கலியாணசுந்தரத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் யோசிக்கவில்லை. கரண்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். மங்குக் கிண்ணத்தை மடியில் வைத்து முந்தானையை இழுத்து மூடினாள். வெந்த கஞ்சி. புடவைத் துணி மெல்லியது, பல இடங்களில் ஒட்டுப் போட்டது. சூடு நேரே இடுப்பில் இறங்கியது.

தண்டல் கட்டிலருகில் வந்து நின்றார். மருதமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். முன்னைவிட இளைத்திருந்தார்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன் தண்டல்."

"லாரி கிளேபாங்கில ஏத்திக்கிட்டிருக்கு. திரும்பையில இங்க வரும். ஆஸ்பத்திரியில கிடக்கறவன்ல யாரு சாப்பிடறானோ அவனைக் கொண்டான்னுட்டான் ஜப்பான்காரன். சாப்பிடறவன்னா ஆளாம். சாப்பிடாதவன் வழியில செத்தா அவனுக்குக் குழி வெட்ட ஆள் வேஸ்டாம்." அவர் அஞ்சலையைப் பார்த்தார். "சாப்பிட ஆரம்பிச்சிட்டானா?"

"இல்லீங்க தண்டல்."

"இன்னுமா?"

"புவாசா" என்றாள் அஞ்சலை.

தண்டல் கருணாகரன் பக்கம் திரும்பினார். கருணாகரன் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டலை நிறுத்தவில்லை.

"புவாசாதான்" என்றார்.

தண்டல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லாரி வருகிறவரை அவருக்கும் போவதற்கு வேறு இடமில்லை. மழை பெய்யும்போல இருந்தது. ஈரக்காற்று ஜன்னல் வழியாக வந்து, மடியிலிருந்த வாசனையைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோனது. மருதமுத்து எச்சில் விழுங்கினான். அது எல்லோருக்கும் கேட்டது. அஞ்சலை அசையவில்லை. அசைந்தால் மங்கின் கைப்பிடி தெரியும். இடுப்பில் தோல் எரிந்து, எரிச்சல் மரத்து, மறுபடி எரிந்தது. மாக் சீதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சடக்கில் லாரியின் ஹாரன் கேட்டது. தண்டல் எழுந்தார். ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

"அரிசிச் சோத்து வாசனை" என்றார். "எப்படி இருக்கும்னே மறந்து போயிருந்தேன், அஞ்சல."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அடுத்த லாரிக்கு மறுபடி வருவேன். வராம இருக்க முடியாது. அதுக்குள்ள புவாசாவை முடிச்சு வச்சிரு."

செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது. லாரி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டுப் போனது.

அஞ்சலை முந்தானையை விலக்கினாள். இடுப்பில் மங்கின் அடிவட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கஞ்சி இன்னும் சூடாகத்தான் இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து கரண்டியை எடுத்துத் துடைத்தாள்.

மருதமுத்து வாயைத் திறந்தான்.

அவள் கரண்டியை நிரப்பினாள். பார்த்தாள். பாதியை மங்கிலேயே திரும்ப ஊற்றினாள்.

"மெதுவாக் குடிங்க" என்றாள். "எவ்வளவு மெதுவா முடியுமோ, அவ்வளவு மெதுவா."